சாட்சி நாற்காலியில் மருமகன்

2022 ஆகஸ்ட் 1, திங்கள்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். தண்ணீர் முறைநாள். 5.40க்குக் குழாயில் வந்தது. ஒன்பது குடமும் ஒரு டிரம்மும் பிடித்தேன். காலைக்கு இட்லி. மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். 9.15 பஸ். 9.45க்கு அலுவலகம் சேர்ந்தேன். பதிவேடுகளின் மேல் தூசி தட்டினேன். ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் ஆடிக் காற்று கரிசல் புழுதியைக் கொண்டுவந்து கொட்டிவிடும். ரேகை எடுக்கும் மைப் பலகையைத் துடைத்துப் புது மை தேய்த்தேன். அன்றைக்கு டோக்கன் மூன்றே மூன்று. கடைசி டோக்கன், ஒரு நகல் மனு.

இது என் நாட்குறிப்பில் உள்ளபடி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம் விருப்ப ஓய்வு பெற்றேன். சென்ற மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். படுக்கையில் இருப்பவரின் உயிலை அவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்ய வேண்டிய மனு ஒன்று வந்திருக்கிறதாம். இருவருக்கும் அது முதல் தடவை. “மேடம், நீங்க போயிருக்கீங்கள்ல, எப்படிச் செய்யணும்னு எழுதிக் குடுங்க” என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். வழிமுறை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. நான் செய்த தவறு ஒன்று அதற்குள் அடங்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் 1994இல் சேர்ந்தபோது பத்திரங்களைக் கையால் நகல் எடுக்க வேண்டும். சொத்துப் பத்திரங்களுக்கு முதல் புத்தகம். உயில்களுக்கு மூன்றாம் புத்தகம். முதல் புத்தகத்தை யார் மனுப் போட்டாலும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகம் அப்படியில்லை. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர வேறு யாருக்கும் அதில் உள்ள ஒரு வரியைக்கூடச் சொல்லக் கூடாது, மனைவி மக்களுக்கும்தான். முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது, கேட்டவருக்கு மூன்றாம் புத்தகத்தைப் பற்றி ‘தெரியாது’ என்று சொல்வது.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் யாரும் கிரயம் பதிய மாட்டார்கள். அலுவலகம் காலியாகக் கிடக்கும். அதனாலேயே உயில் எழுதுகிறவர்கள் ஆடியில் வருவார்கள். வேறு மாதத்தில் வந்தால் எதிர்ப்படுகிற நாலு பேர் ‘என்ன சோலியா வந்தீக?’ என்று கேட்பார்கள். உயில் எழுதிய செய்தி ஊருக்குள் போனால், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்ற பயம். சாட்சிக்கு அசலாரைக் கூப்பிடத் தயங்குவதும் இதே பயத்தால்தான். கூட வந்த மகனோ மருமகனோ கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யாரை அதிகம் நம்புகிறார்களோ அவரே சாட்சி. இந்த வழக்கத்தை நான் நூற்றுக்கணக்கான உயில்களில் பார்த்திருக்கிறேன். தப்பாகத் தோன்றியதே இல்லை.

2019இல் எங்களுக்குச் சார்பதிவாளராக வந்தவர் ராமலிங்கம் சார். ஒல்லியான மனிதர். குரல் எழும்பாது. பத்திரத்தை வாசித்து முடித்ததும் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகுதான் எழுதிக்கொடுக்கிறவரைப் பார்த்துக் கேட்பார்: “இதுல என்ன இருக்கு, பாக்காமச் சொல்லுங்க.” யாராவது எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தால், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்துவார். ரேகை எடுக்கும்போது எழுந்து வந்து, ஈரத் துணியால் அவர்களின் பெருவிரலைத் தாமே துடைப்பார். பருத்தி எடுத்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த விரல்களில் ரேகை சுலபமாக விழாது. மூன்று தடவை, நான்கு தடவை எடுப்பார். “அவசரம் இல்ல. விரல் எங்கயும் போயிராது” என்பார்.

அவர் வந்த சில மாதத்தில் எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து வயதான தம்பதி ஒரு தான செட்டில்மென்டுடன் வந்தார்கள். குடியிருக்கும் வீட்டைச் சின்ன மகனுக்கு எழுதி வைக்கிறார்கள். மகன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு பின்னால் நின்றான். சார் பத்திரத்தைக் கவிழ்த்தார்.

“வீடு சின்னவனுக்கு” என்றார் அந்த அம்மா.

“என்னைக்கிலேருந்து?”

“எங்க காலத்துக்குப் பொறவு.”

“இதுல இன்னைக்கிலேருந்துன்னு இருக்கேம்மா. நாளைக்குக் காலையில அந்த வீட்டுல நீங்க யாரு?”

மகன் குறுக்கே வந்தான். “அது சும்மா சார், எழுத்துல அப்படித்தான் வரும்.”

அந்த அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். “சும்மான்னா மாத்தி எழுதுறதுக்கு என்னலே நோவு?”

பத்திரம் எழுத்தரிடம் திரும்பப் போனது. தாய் தகப்பன் இருவரும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் இருந்து அனுபவித்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தி சேர்ந்து வந்தது. சட்டப்படி உள்ளடக்கத்தைத் திருத்தச் சொல்வது எங்கள் வேலை இல்லை. சார் திருத்தச் சொல்லவும் இல்லை, கேள்விதான் கேட்டார். அவரிடம் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது அதுதான். ஆனால் நான் அந்தத் தவறைச் செய்த 2016இல் எனக்கு அது தெரியாது.

இனி அந்த நகல் மனு. கொண்டுவந்தவர் விருதுநகரிலிருந்து வந்த இளம் வக்கீல். இறந்துபோன ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் உயிலுக்கு நகல் வேண்டும். இறப்புச் சான்று சரியாக இருந்தது, நகல் கொடுத்தேன். கவுன்டரில் நின்றபடியே வாசித்தவர், கடைசிப் பக்கத்தில் ‘ச்சு’ கொட்டினார்.

“உயிலு செல்லும் மேடம். ஆனா மகளுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்காது.”

“ஏன் சார்? முறையா ரெஜிஸ்டர் ஆனதுதான?”

“சாட்சி யாருன்னு பாருங்க. மகளோட வீட்டுக்காரரு. வாரிசுரிமைச் சட்டம், அறுபத்தேழாம் பிரிவு. யாருக்குச் சொத்து எழுதியிருக்கோ அவுகளோ, அவுக புருஷன் பொண்டாட்டியோ சாட்சி போட்டா, அந்தச் சொத்து அவுகளுக்குப் போகாது.”

“எத்தனையோ உயில்ல மருமகன் சாட்சி போட்டுப் பாத்திருக்கேனே?”

“அதெல்லாம் இந்துக் குடும்பமா இருக்கும். அவுகளுக்கு இந்தப் பிரிவு கிடையாது. இவுக கிறிஸ்தவங்க. இவுகளுக்கு உண்டு.”

அவர் போய்விட்டார். நான் நகல் பதிவேட்டில் நேரத்தைக் குறித்தேன்: 12.20. எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடவில்லை. ஒரு முகம் நினைவுக்கு வந்தது. மாவு படிந்த புருவம், சட்டைப் பையில் நீலப் பேனா.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் 2016 நாட்குறிப்பை எடுத்தேன். ஜூலை 27, புதன். இப்படி எழுதியிருந்தேன்: “பந்தல்குடி மாவு மில் தேவசகாயம் ஐயா உயில். வயது 72. வீடும் மில்லும் மகள் கிருபைக்கு. மகன்கள் டேனியல், எட்வின் இருவருக்கும் முன்பே மனை கொடுத்து முடித்துவிட்டார். சாட்சிக்கு வர வேண்டிய இரண்டாம் ஆள் வரவில்லை, பஸ் இல்லையாம். பெரியவரை இன்னொரு நாள் அலைய விட வேண்டாம் என்று வெளியே நின்ற மருமகன் சாமுவேலைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். 3.10க்கு முடிந்தது.”

உட்காரச் சொன்னேன். நானே எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாரும் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. கதவைத் திறந்து, “தம்பி, நீங்க உள்ள வாங்க” என்று நான்தான் கூப்பிட்டேன். உதவி செய்ததாக அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தியும் இருந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி நாட்குறிப்பில் இன்னும் இரண்டு வரி உண்டு. தாயார் இறந்த பிறகு அப்பா தனியாக இருக்கிறாரே என்று, கிருபையும் சாமுவேலும் வீரசோழனில் இருந்த தங்கள் வீட்டை விற்றுவிட்டு மில்லோடு வந்து சேர்ந்தவர்கள். விற்ற பணத்தை மில்லின் புது மோட்டாரில் போட்டுவிட்டார்கள். அப்பாவின் வீடும் மில்லும் கிருபைக்கு இல்லையென்றால் பிள்ளைகள் மூவருக்கும் மூன்று பங்காகும். மில்லை மூன்றாக வெட்டி ஓட்ட முடியாது, விற்கத்தான் வேண்டும். அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

செவ்வாய் காலை 9.50க்கு நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ராமலிங்கம் சார் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். நாட்குறிப்பை வாங்கி அந்தப் பக்கத்தை வாசித்தார். வழக்கம்போலக் கவிழ்த்து வைத்தார்.

“அவரு இருக்காரா?”

“தெரியல சார்.”

“முதல்ல அதத் தெரிஞ்சுக்கிடுங்க சரோஜாம்மா. இருந்தா இது ஒரு நாள் வேல. இல்லாட்டி நம்ம ரெண்டு பேரும் இங்க உக்காந்து பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

பழைய முகவரித் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பின்னணியில் மில் ஓடும் சத்தம். எடுத்தது கிருபை.

“அப்பா நல்லா இருக்காகளாம்மா?”

“இருக்காக மேடம். ரெண்டு மாசத்துக்கு முன்ன வாதம் வந்துருச்சு. வலது பக்கம் வெளங்கல. பேச்சு கொழறுது. ஆனா ஆளெல்லாம் தெரியுது.”

‘இருக்காக’ என்ற வார்த்தைக்குப் பிறகு சொன்னதையெல்லாம் இரண்டாம் தடவை கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன்.

“அப்பாகிட்ட ஒரு விஷயம் பேசணும்மா.”

“எங்கிட்டச் சொல்லுங்க மேடம், நான் சொல்லிருதேன்.”

“இல்லம்மா. அப்பாகிட்டத்தான்.”

“டேனியல் அண்ணன் ஏதும் எழுதி வாங்கிட்டானா மேடம்?” என்றாள்.

மூன்றாம் புத்தகத்தில் இருப்பதை அவளிடம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று சொன்னால் அதுவும் சொன்னதுதான். “சாயங்காலம் நேர்ல வாரேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தரைக்குப் பந்தல்குடியில் இறங்கினேன். தூத்துக்குடி ரோட்டு லாரிகளைக் கடந்து மில்லுக்குப் போவதற்குள் மிளகாய் நெடி தும்மலைக் கொண்டுவந்தது. தகர டின்களோடு ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமுவேல் மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தார். மில்லுக்குப் பின்னறையில் கட்டில். தேவசகாயம் ஐயா பாதியாக இளைத்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

“கிருபை, ஒரு பத்து நிமிஷம் வெளிய இருக்கியாம்மா?”

“நான் வெளிய போகணுமா மேடம்?”

“ஆமாம்மா.”

அப்பாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். கதவை ஒருச்சாய்த்தாள். கீழ் இடுக்கில் அவள் பாதம் தெரிந்தது, நகரவில்லை. மில் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. நான் அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னேன். மருமகன் சாட்சி போட்டதால் மகளுக்குச் சொத்து போகாது. புதிதாக ஓர் உயில் எழுத வேண்டும். சாட்சி இருவரும் வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. விருப்பம் இருந்தால் சார்பதிவாளர் இங்கேயே வருவார்.

அவர் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலம் இருந்தது.

“தப்பு... யாரு?”

“நான்தான் ஐயா. உங்க மருமகனக் கூப்பிட்டு உக்காரச் சொன்னது நான்தான்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்துபோனேன். அவர் சிரித்தார்.

“பஸ்ஸு... வரல” என்றார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மதியம். பஸ் வராததால் ஒரு சாட்சி வரவில்லை. அது அவருக்கு நினைவிருக்கிறது. அந்த இரண்டு வார்த்தையில் அவருடைய சுயநினைவுக்கு எனக்கு உறுதி கிடைத்தது. பஸ் மேல் பழியைப் போட்டு என்னை விட்டுவிட்டார் என்பதும் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

மனுவில் அவர் இடது பெருவிரல் ரேகை வாங்கினேன். ‘நடக்க இயலாத நிலை, வீட்டில் வைத்துப் பதிய வேண்டும்’ என்று ஒரு வரி. மருத்துவரின் சான்று மறுநாள் வந்துசேர வேண்டும். சாமுவேலிடம் வியாழன் மாலை நான்கு மணி என்று சொன்னேன். அவர் தலையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டு, “சாட்சிக்கு நானே போட்டுருதேன் மேடம், போன தடவ மாதிரி” என்றார்.

“இந்தத் தடவ வேண்டாம் சார். வீட்டு ஆளுக யாருமே வேண்டாம். ஒறவு இல்லாத ரெண்டு பேரா பாத்து வைங்க.”

அவர் முகம் இறுகிவிட்டது. “மாமாவக் குளுப்பாட்டி விடுறது நானு. மலம் அள்ளுறது நானு. கையெழுத்துக்கு மட்டும் அசலூரானா?”

காரணத்தைச் சொன்னால் உயிலில் உள்ளதைச் சொன்னதாகிவிடும். பஸ் வரவும் ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, வியாழன். நான்கு மணிக்கு ராமலிங்கம் சார், பத்திர எழுத்தர் சுப்பையா, நான் மூவரும் போய் இறங்கினோம். முதல் நாளே சுப்பையா பெரியவரைத் தனியாகப் பார்த்துப் பேசி, புது உயிலை எழுதி வைத்திருந்தார். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாரண வெள்ளைத்தாள் இரண்டு. முந்தைய உயிலை ரத்து செய்கிறேன் என்ற வரியைத் தவிரப் புதிதாக எதுவும் இல்லை.

வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். திருப்பூரிலிருந்து மூத்த மகன் டேனியல் அன்று மதியம்தான் வந்திருக்கிறார். தங்கையோடு பேசிச் சூடாகியிருந்தது தெரிந்தது. கிருபையின் கண் சிவந்திருந்தது.

சார் முதலில் மில்லை நிறுத்தச் சொன்னார். நின்றதும் தெருவே வெறிச்சென்றானது. வரிசையில் நின்ற ஓர் அம்மா, “எம் மல்லிய அரைச்சுட்டு நிறுத்தக் கூடாதா?” என்று முனகினார். சார் கட்டிலுக்கு அருகில் முக்காலியைப் போட்டு, பெரியவரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

“எல்லாரும் வெளிய இருங்க.”

“என்னையுமா சார்? நான் மூத்த மகன்.”

“அதுக்குத்தான் சொல்லுதேன் தம்பி.”

“அப்ப தங்கச்சி?”

“அவுகளும்தான். அவுக வீட்டுக்காரரும்தான். டீக்கடை வரைக்கும் போயிட்டு வாங்க. மூணு பேரும் ஒண்ணாப் போங்க.”

மூன்று பேரும் போனார்கள். சுப்பையாவும் போனார். கதவைச் சாத்தினேன். நான் சுவர் ஓரமாக நின்றேன். சார் உயிலை மெதுவாக, இரண்டு தடவை வாசித்தார். கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீக?”

“கஞ்சி.”

“யாரு குடுத்தா?”

“சாமு... வேலு.”

“இந்தக் காகிதத்துல என்ன இருக்கு ஐயா? மெதுவாச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். நாக்கு புரள நேரமாயிற்று.

“டேனியலுக்கு...” என்றார்.

சார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எடுத்துக்கொடுக்கக் கூடாது, கேள்வியை மாற்றிக் கேட்கவும் கூடாது. சார் காத்திருந்தார். சுவரில் மில் மோட்டாரின் சூடு இன்னும் இருந்தது. நான் அதில் சாய்ந்துகொண்டேன்.

“டேனியலுக்கு... குடுத்தாச்சு.”

மூச்சு வாங்கினார்.

“எட்வினுக்கு... குடுத்தாச்சு.”

இடது கையைத் தூக்கி, கூரையை, சுவரை, மில் இருந்த பக்கத்தைக் காட்டினார்.

“கிருபைக்கு... இதான்... குடுக்கல. இது... அவளுக்கு.”

“யாரும் சொல்லிக்குடுத்து எழுதுறீகளா?”

அவர் சார் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கையால் காட்டினார். “இந்தம்மா... சொல்லிச்சு. சாட்சிய... மாத்தச் சொல்லி.”

சார் முதல் தடவையாகச் சிரித்தார். “அது சரி. அத நானும் சொன்னேன்.”

சாட்சிகளை வரச் சொன்னோம். ஒருவர் வீரசோழன் காசிம் பாய். பலசரக்குக் கடைக்கு மிளகாய்ப் பொடியும் மல்லிப் பொடியும் இங்கேதான் அரைத்து எடுத்துப்போவார். இன்னொருவர் டீக்கடை மாடசாமி.

“நீங்க இவுகளுக்கு ஒறவா?”

“இருவது வருசமா மொளகாப் பொடி ஒறவுதான் சார்” என்றார் காசிம் பாய். “அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுவுல தும்மலத் தவிர ஒண்ணும் கெடையாது.”

பெரியவரின் தோள் குலுங்கியது. “சிரிக்க வைக்காதீக பாய், ரேகை நழுவிரும்” என்றேன். சார் ஈரத் துணியால் அவர் இடது பெருவிரலைத் துடைத்தார். ஐம்பது வருஷம் மாவில் புரண்ட விரல். தனித்தாளில் எடுத்துப் பார்த்த முதல் இரண்டு ரேகையும் வெறும் கறுப்புப் பொட்டாக விழுந்தன. மூன்றாவது, வரி வரியாகத் தெளிவாக விழுந்தது. சாட்சிகள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அதேபோல உயிலிலும் எடுத்தோம். காசிம் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் பெரிய எழுத்தில் கையெழுத்திட்டார். மாடசாமி பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரீட்சைக்குப் பொறவு இப்பத்தான் பேனாவப் புடிக்கேன்” என்றார்.

வெளியே வந்தபோது மூன்று பேரும் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். டேனியல்தான் முன்னால் வந்தார்.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா? என்ன எழுதினாகன்னு கேக்கல. அப்பா தெளிவாப் பேசினாகளா?”

“தெளிவாப் பேசினாக.”

“எம் பேரு சொன்னாகளா?”

“முதல்ல உங்க பேரத்தான் சொன்னாக.”

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை. பின்னால் நின்ற சாமுவேலின் சட்டைப் பையில் நீலப் பேனா இருந்தது. சார் அவர் பக்கம் திரும்பினார். “யாருக்கு என்னன்னு நான் சொல்ல மாட்டேன். சட்டத்தச் சொல்லுதேன். உங்கள மாதிரி கிறிஸ்தவக் குடும்பத்துல உயிலுக்கு வீட்டு ஆளு சாட்சி போட்டா, அந்த ஆளுக்கும் அவரு பொண்டாட்டிக்கும் எழுதினது செல்லாது. நம்பாம உங்கள வெளிய அனுப்பல.”

சாமுவேல் பேனாவைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியாததுபோல இருந்தது. “அப்ப போன தடவ...” என்று தொடங்கி, என்னைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

“மாப்ளே, மோட்டாரப் போடு” என்றார் காசிம் பாய். “அந்தம்மா மல்லி காத்துக் கெடக்கு.”

தேவசகாயம் ஐயா அதன்பின் பதினைந்து மாதம் இருந்தார். அவர் போன பிறகு உயிலின் நகலுக்கு மனுப் போட வந்தவர்கள் டேனியலும் கிருபையும். சேர்ந்தே வந்தார்கள். டேனியல் கவுன்டரில் நின்றே முழுவதையும் வாசித்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பிச் சாட்சிகளின் பெயரையும் பார்த்தார், தாளைத் தங்கையிடம் கொடுத்தார். வழக்கு இல்லை. மில் ஓடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு மிளகாய்ப் பொடியும் அங்கேதான் அரைபடுகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, உயிலோடு வருகிற ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பத்திடமும் சாட்சி யார் என்று கேட்டேன். இந்துக் குடும்பத்திடமும் கேட்டேன்; சட்டம் அவர்களை விட்டுவிட்டாலும் வழக்கு விடுவதில்லை. அதிகப்பிரசங்கி என்று பெயர் வந்தது. இப்போது பலர் கைபேசியில் கிடைக்கிற மாதிரியை நிரப்பிக்கொண்டு வருகிறார்களாம். அதில் சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் கேட்கும். உறவைக் கேட்குமா என்று என்னைப் பார்க்க வந்த இருவரிடமும் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் கேளுங்கள் என்றேன்.

வழிமுறைத் தாளில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அதை இங்கே சேர்த்துவிடுகிறேன். வீட்டில் பதிந்த உயிலுக்கு அங்கேயே எண் கொடுக்க முடியாது. அன்று நாங்கள் அலுவலகம் திரும்பியபோது கணினி மூடியிருந்தது. உயிலை உறையிலிட்டு, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சார் எடுத்துப்போனார்.

ஆகஸ்ட் 5, வெள்ளிக்கிழமை. 9.45க்கு அலுவலகம். சாருடன் அலமாரியைத் திறந்து, முதல் வேலையாக அந்த உயிலுக்கு மூன்றாம் புத்தகத்தில் எண் இட்டோம். பிறகு 2016ஆம் வருஷத்துப் புத்தகத்தை எடுத்து, ஜூலை 27ஆம் தேதிப் பதிவின் ஓரத்தில், இந்த உயில் இன்ன எண்ணுள்ள உயிலால் ரத்தாயிற்று என்று சிவப்பு மையில் ஒரு வரி எழுதினேன். சார் வாசித்துப் பார்த்துச் சுருக்கொப்பம் இட்டார். மை காயும்வரை புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தேன்.